ராமசாமி தின்ற பட்டை ரொட்டி

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், நைனார்பாளையத்து ராமசாமியின் வாயிலிருந்து முதல் எறும்பு இறங்கியது. சாதாரணச் சிற்றெறும்புதான். சர்க்கரைத் துணுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாடை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது.

அந்த வாரம் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்ததால் டவுனிலிருந்து பேக்கரி வண்டி வரவில்லை. தங்களையும் மனிதர்களாக மதிக்க வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுப் போராடிய ஊர்ப் பெரிய மனிதர்கள் ராமசாமி வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். செல்லியம்மாள் குடியிருக்கும் கீழ்த்தெருவைக் கடக்கும்போது துண்டால் மூக்கை மூடிக்கொள்கிறவர்களும் அவர்களே. இதில் பொருந்தாதது ஏதும் இருப்பதாக அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்லியம்மாள் அவர்கள் வயலில் களை பறிக்கிறவள். கல்யாணத்துக்கு முன் நெய்வேலியில் ஓர் அதிகாரி வீட்டு அடுப்படியில் வேலை பார்த்தபோது பட்டை ரொட்டி சுடக் கற்றிருந்தாள். மைதாவில் தயிரும் ஆப்பசோடாவும் போட்டுப் பிசைந்து, தேய்த்து, டால்டா தடவி, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிப் பாய்போல் சுருட்டி நறுக்குவாள். மணல் பரப்பிய குண்டானுக்குள் தட்டை வைத்து, மூடிமேல் தணல் கொட்டினால் வேலை முடிந்தது. வாசனைக்குத் தெரு வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு அது ராமசாமி வீட்டுக் கூடம்வரை போனது.

பொழுது சாய, ராமசாமி கொல்லைப்பக்கமாக வந்தார்.

“இன்னா செல்லி, வூட்ல ஆளுங்க வந்துக்கினே இருக்காங்க. அத்த கொஞ்சம் குடு. யாரு சுட்டதுன்னு வெளிய சொல்லிக்கினு இருக்காத.”

“உங்க வூட்டம்மா சுட்டதுன்னு சொல்லிக்குங்க,” என்றாள் அவள்.

நின்ற இடத்திலேயே இரண்டை விழுங்கிவிட்டு, மீதியைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப் போனார். கூடத்தில் இருந்தவர்கள் விரலையும் நக்கினார்கள்.

விஷயம் எப்படியோ கசிந்தது. மறுநாளே பஞ்சாயத்து. கீழ்த்தெருக்காரி மேல்தெருவுக்குத் தின்பண்டம் அனுப்பினாளா என்பது வழக்கு. ஆமென்றால் அவளையும் புருசன் கொளஞ்சியப்பனையும் இனி யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. கொளஞ்சியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்லியம்மாள் ராமசாமியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்தத் தெருவுல நான் பச்சத்தண்ணி குடிச்சதில்ல,” என்றார் ராமசாமி. அப்போதுதான் அந்த முதல் எறும்பு இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு வரிசை. காற்றில் பட்டை மணந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய மற்றவர்கள் தங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். கூடத்தில் தின்றவர்கள்தானே. கையாலேயே கலைந்து போகச் சொன்னார்கள்.

ஒதுக்கீடு வந்தது. ராமசாமியின் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ராமசாமிக்குக் கட்சியில் பதவி கிடைத்தது. சமத்துவம் பற்றி அவரைப்போல் பேச ஆளில்லை என்றார்கள். ஆனால் அவர் வாயைத் திறந்தால் எறும்பு இறங்குவது மட்டும் நிற்கவில்லை; வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் செல்லியம்மாள் வாசலுக்கே வந்து நின்றார்.

“இன்னொண்ணு துன்னா நின்னுடுமோ இன்னாவோ. கட்டிக் குடு.”

“கட்டிக் குடுக்கறதில்லீங்க. இங்க உக்காந்து, எல்லாரும் பாக்கத் துன்னுட்டுப் போங்க.”

பாயை விரித்துப் போட்டாள். அவர் பாயைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். செல்லியம்மாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த தட்டைக் குண்டானில் இறக்கினாள்.

அன்று மாலை சின்னசேலத்தில் சமூகநீதிக் கூட்டம். மைக்செட்காரர் வழக்கம்போல மேசையைச் சுற்றி எறும்புப்பொடி தூவிவிட்டு, பேசலாம் என்று ராமசாமிக்குக் கை காட்டினார்.