சம்பளத்தோடு ஒரு வாரம்

திரைச்சீலைக் கடையில் அவனைக் 'கறார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வியாபாரிகள் வீட்டுப் பிள்ளை. பேரம் பேசாமல் பல் துலக்கும் பிரஷ்கூட வாங்கியதில்லை. இந்தப் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மேசையருகே நின்று, ஊரார் வீட்டு ஜன்னல்களுக்கு அளவு பார்த்துத் துணி வெட்டுவது வேலை. இதுவரை லீவே எடுத்ததில்லை.

இப்போது எடுத்தாக வேண்டும். மனைவிக்குப் பித்தப்பையில் கல், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஒரு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ தூக்கச் சொல்லியே அழுகிற கைக்குழந்தை. சொந்த ஊராக இருந்தால் மாமியார், நாத்தனார், அத்தை என்று போட்டி போட்டுக்கொண்டு வந்து, ஆளுக்கொரு குறையும் சொல்லியிருப்பார்கள். இங்கே அவன் ஒருவன்தான்.

"ஒரு வாரம் கேளுங்க, போதும்" என்றாள் மனைவி.

"ஒரு வாரம்னு கேட்டா மூணு நாள் குடுப்பாங்க. ரெண்டு வாரம்னு ஆரம்பிச்சாத்தான் ஒரு வாரத்துல வந்து நிக்கும். வியாபாரம் உனக்குப் புரியாதும்மா."

மறுநாள் மேலாளர் அம்மாள் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"மேடம், ரெண்டு வாரம் லீவு வேணும்."

அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். "சரி, எடுத்துக்கோங்க."

"சம்பளம்...?"

"சம்பளத்தோடதான். நடுவுல திங்கக்கிழமை பொது லீவு வருது. அதை உங்க கணக்குல கழிக்க மாட்டோம்."

கறாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் விலைக்கே 'சரி' என்கிற ஆள் நீட்டும் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அவன் வளர்ந்த கடையில் அது பாலபாடம். இரண்டு வாரம் நான் இல்லாமல் கடை ஓடுமா? ஓடுமென்றால் அப்புறம் நான் எதற்கு?

"இல்ல மேடம், பத்து நாள் போதும்."

"சரி."

"ஒரு வாரமே ஜாஸ்தி."

"உங்க இஷ்டம்."

"மூணே நாள்ல வந்துடறேன் மேடம்!"

எதிராளி பேரமே பேசாமல், தன் விலையைத் தானே அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள். "குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டா வந்தீங்க?"

"வேலை போயிடுமோன்னு..."

"நாலாவது நாள் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டுமே, அதுகிட்ட நான் என்னங்க பேரம் பேசுவேன்?"

அவள் போட்ட துணியை அவன் எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

உண்மையான விலையை எடுத்த எடுப்பில் சொல்வது, சட்டை போடாமல் கடைத்தெருவில் நடப்பது மாதிரி இருந்தது அவனுக்கு. ஆனாலும் மறுநாள் போய் நின்றான்.

"மேடம், மனைவிக்கு ஆபரேஷன். குழந்தையைத் தூக்க வேற ஆள் இல்ல. ஒரு வாரம் வேணும். நிஜமாவே ஒரு வாரம்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சட்டுனு சரின்னுட்டீங்க. நான் வேண்டாதவனா ஆயிட்டேனோன்னு பயந்துட்டேன்."

"நல்லா பயந்தீங்க. அந்த நீல வெல்வெட்டைக் கோணாம வெட்ட வேற யார் இருக்கா? நீங்க வர்ற வரைக்கும் அது சுருட்டினபடியேதான் கிடக்கும். வேலை செஞ்சு சேர்த்த லீவு உங்களோடது. உங்க சரக்குக்கு என்கிட்ட வந்து பேரம் பேசினா நான் என்ன செய்ய?"

ஒரு வாரம் கேட்டு ஒரு வாரமே வாங்கியது அவன் ஆயுளில் முதல் தடவை. லாபமா நஷ்டமா என்று பஸ்ஸில் வீடு வரை யோசித்தான். பிடிபடவில்லை.

திங்கட்கிழமை தெருவே கதவடைத்துக் கிடந்தது. கறார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்தான். மனைவி சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்தாள்.

"அந்த ரெண்டு டம்ளரை நான் கழுவறேனே."

"கூடாது."

"ஒண்ணு?"

"பேரமே கிடையாது. போய்ப் படு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டியது. கறார் அதை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குழாயைத் திறந்தான்.