ஊசிமல்லி

"பத்தாவதோட நின்னவளுக்கு இத்தனை நோட்டு எதுக்குடி?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். பெரியவள் நோட்டுகளைத் துணிகளுக்கு அடியில் செருகினாள். உள்ளே இருந்தவை பெயர்கள். கண்ட கடைக்கும் காணாத கடைக்கும் அவளாகச் சூட்டியவை. அந்தக் கிறுக்குத்தான் பிறகு சோறு போட்டது. சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து தரும் அலுவலகத்தில், அந்தத் தளங்களுக்கு முகவரியாகும் டொமைன் பெயர்களைத் தேடிப் பதிகிற வேலை.

வாயே திறக்காதவள் அந்த மேசையில் மட்டும் சட்டம் பேசுவாள். பெயர் சின்னதாக இருக்கணும். நடுவில் கோடு, எண் கூடாது. போனில் சொன்னால் எதிராளி "என்னது?" என்று கேட்கக் கூடாது. முதலில் பதிகிறவருக்கே பெயர், பிறகு அழுது பயனில்லை.

அன்று தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். காலேஜ் முடித்தவள், தையல் கடை திறக்கப் போகிறவள், அம்மா வாயில் எப்போதும் 'என் சின்னது'. அவளுக்காகப் பெரியவள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நாற்பது பெயர் எழுதியிருந்தாள். தங்கை தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா பஸ்ல வரும்போது ஒண்ணு தோணுச்சு. ஊசிமல்லி. எப்படி?"

ஊசியும் இருந்தது, மணமும் இருந்தது. நாற்பதும் ஒரே நொடியில் வாடிவிட்டன. படிப்பு அவளுக்கு, அம்மா அவளுக்கு. இதுவுமா? அதுவும் பஸ்ஸில் வரும்போதா?

வேறு யாராக இருந்தாலும் "இப்பவே பதிஞ்சிடுங்க" என்றிருப்பாள்.

"தேடிப் பார்த்து வைக்கிறேன். நாளைக்கு ஆபீசுக்கு வா."

படியிறங்கும் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் அதைத் தன் பெயரில் பதிந்துவிட்டாள்.

மறுநாள் தங்கை ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "என் கடையோட முதல் துணி உனக்குத்தான். பிரிச்சுப் பாரு."

"அந்தப் பேரு போயிடுச்சுடி. யாரோ வச்சிருக்காங்க."

"யாருன்னு பார்த்துடலாமே. கெஞ்சிக் கேட்டா குடுத்தாலும் குடுப்பாங்க" என்று பக்கத்து மேசையில் இருந்த முதலாளி, பெயரைப் பதிந்தவரின் விவரத்தைத் தேடி, திரையைத் தங்கை பக்கம் திருப்பினார்.

பதியும்போது சொந்த விவரத்தை மறைக்கும் கட்டத்தில் டிக் போடச் சொல்லி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கரடியாய்க் கத்துபவள், தனக்குப் போட மறந்திருந்தாள். திரையில் அவள் பெயர், நேற்றைய தேதி, இருவரும் குடியிருக்கும் வீட்டின் முகவரி.

முதலாளி தொண்டையைச் செருமினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெரியவள் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள். பச்சைச் சட்டை. கழுத்தின் உட்புறம் விரல்நக அளவு வெள்ளைத் துணியில், கையால் தைத்த எழுத்துகள்: ஊசிமல்லி.

நிமிர்ந்தாள். தங்கை ஏற்கெனவே எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் போன பிறகும் கண்ணாடிக் கதவு கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.