நாற்பத்தேழாம் கேள்வியின் ஆ விடை

நாற்பத்தேழாம் கேள்வியில் நான்தான் (ஆ). பதினோரு வருட சர்வீஸ். மங்கோலியாவின் நாணயம் எது என்பது கேள்வி. நான் டெங்கே. பக்கத்து நாற்காலியில் (இ), தணிகைவேல். அவர் துக்ரிக். சரியான விடை அவர்தான். மூலையில் ஸ்டூலில் இருதயராஜ். அவர் (உ), ‘விடை தெரியவில்லை’ என்கிற விடை.

தேர்வு எழுதுகிறவர்கள் நடைபாதை வழியாக அறை அறையாக வருவார்கள். கறுப்பு மைப் பேனாவால் எங்களில் ஒருவர் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள். நேரம் குறையக் குறைய நடைபாதை நீளும். அதற்கென்று தனி ஊழியர் கிடையாது.

தணிகைவேலின் தோள் எப்போதும் கறுத்திருக்கும். அந்தச் சட்டையோடுதான் பஸ் ஏறுவார், நாலு பேர் பார்க்கட்டும் என்று. எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரியும்.

விடைக்குறிப்பை எதிர்த்து ஆட்சேபணை மனு கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார்.

"நீங்க கஜகஸ்தானுக்குச் சரியான விடைதானே சார்?"

"அந்தக் கேள்விய யாரும் கேக்கறதில்லைங்க."

"அப்ப மங்கோலியாதான் நாணயத்த மாத்தணும். அவங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"எங்க போய் வாங்குறது?"

"நாப்பத்தெட்டுல கேட்டுப் பாருங்க. அவங்களும் மனு போட்டவங்கதான்."

நாற்பத்தெட்டாவது கேள்வி, ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார். (அ) முதலில் கண்டுபிடித்தவரின் பெயர். (இ) முதலில் அச்சில் போட்டவரின் பெயர். இருநூற்றைம்பது வருடமாக இரண்டு நாற்காலிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அறையில் மூச்சு முட்டியது. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த வருடம் என் மனைவி கோமளவல்லி அரசு வேலைக்காக இந்தத் தேர்வை எழுதினாள். வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அவள் கீரை ஆயும்போது நான் நாணயம் கேட்பேன். தாய்லாந்து? பாட். போலந்து? ஸ்லாட்டி. வியட்நாம்? டோங். ஒன்றும் தப்பாது. மங்கோலியாவை மட்டும் நான் கேட்கவே இல்லை. என் பெண்டாட்டி வாயில் தணிகைவேலின் விடை வர வேண்டாம் என்று இருந்தேன்.

தேர்வு நாளில் பேனாவோடு எங்கள் அறைக்கு வந்தாள். தணிகைவேல் தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"இவருதானா அது?" என்றாள் என்னிடம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நூலகத்துல படிச்சேன். நீங்க இத மட்டும் கேக்கவே இல்ல. அதனால படிச்சேன்."

"அப்ப அவரத் தொடு. ஒண்ணரை மார்க்."

வாய் சொல்லிவிட்டது. முகம் என்ன சொன்னது என்று தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். வெளியே நடைபாதை இரண்டு அறை நீண்டது. பிறகு மூலைக்குப் போய் இருதயராஜின் தோளைத் தொட்டுவிட்டு வெளியேறினாள்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. ஒன்றரை மதிப்பெண்ணில் போய்விட்டது. அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் அப்படிப் பண்ணின?"

"அவரத் தொட்டா நீங்க தாங்க மாட்டீங்க. உங்களத் தொட்டா தப்பு. தெரிஞ்சே தப்பா எழுத எனக்கு மனசு வரலங்க."

"வேலை போச்சே."

"போச்சு. சட்னி போடவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. தணிகைவேல் மேல் இருந்த எரிச்சல் முழுக்க அன்றோடு அடங்கிவிட்டது.

மறுநாள் சீக்கிரமே வேலைக்குப் போனேன். இருதயராஜ் ஏற்கெனவே வந்திருந்தார். நாலு மாதமாக அவர் அதே சட்டையில் வருவதை அப்போதுதான் கவனித்தேன்.

"துவைக்கக் கூடாதா?"

"வேணாம்னு வச்சிருக்கேன்."

"உங்களத்தான் எத்தனையோ பேர் தொடுறாங்களே."

"அவங்கல்லாம் தெரியாம தொட்டவங்க தம்பி. தெரிஞ்சு தொட்டது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான்."

சொல்லிவிட்டு அந்தத் தோள் வெளிச்சத்தில் படும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தணிகைவேல் வந்து வணக்கம் சொன்னார். நான் திரும்பவில்லை. மூலையில் இருந்த அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.