அத்தானைக் குளிப்பாட்டிய ஹெலிகாப்டர்

“எங்க அத்தானை ஐந்தருவியில குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஹெலிகாப்டரை விட்டு ரெண்டு பேரும் இறங்கவே இல்ல. தலை துவட்டத் துண்டு கொண்டு போகாதது மட்டுந்தான் குறை.”

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், தென்காசிக்கு வெளியே ஒரு மைதானத்தில் வண்டியை இறக்கிவிட்டுச் சங்கரபாண்டி இப்படிச் சொன்னதும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் செங்கோட்டை ஸ்டேஷனில் நின்ற ரயில் கொடி காட்டாமலே கிளம்பிவிட்டது.

பக்கத்தில் வேட்டி சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நின்ற அத்தான் நமசிவாயம் வாயைத் திறந்தார்.

“அருவியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. சாரல். வெறும் சாரல்ல நனைஞ்சேன்.”

குளித்தவரே இல்லையென்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சங்கரபாண்டிக்கு அன்று அத்தானின் வாயில்தான் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் மெட்ராஸில் ஏரோப்ளேன் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியவன். விமானக் கம்பெனிகளில் இடம் கிடைக்கவில்லை. வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற கம்பெனி ஒன்று, “ஹெலிகாப்டர் பழகிக்கிறியா?” என்று கேட்டது. அவன் இருந்த இருப்பில் திமிங்கிலம் ஓட்டச் சொன்னாலும் சரி என்றிருப்பான்.

சிக்கல் அவன் கையில் இருந்தது. ஏரோப்ளேனுக்கு ஓடினால்தான் உயிர். வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி, இல்லாவிட்டால் விழுவாய் என்று மெட்ராஸ் வாத்தியார்கள் அவன் எலும்பிலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஹெலிகாப்டருக்கோ அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் பெருமை. பறப்பதும் மருந்து தெளிப்பதும் அவனுக்கு வந்துவிட்டன. நிற்கச் சொன்னால் மட்டும் கை தன்பாட்டுக்குக் கைப்பிடியை முன்னால் தள்ளிவிடும். வண்டி ஓடிவிடும்.

முந்தின நாள் ஆய்க்குடியில் அத்தானின் களத்தில் இறங்கிக் காட்டச் சொன்னார் கம்பெனியின் தலைமை பைலட். மேலே நிறுத்தி நேராக இறக்க வேண்டிய வண்டியைச் சங்கரபாண்டி ஏரோப்ளேன் மாதிரி தூரத்திலிருந்தே சாய்த்துக் கொண்டுவந்தான். களம் முழுக்கச் சறுக்கவிட்டு, இடுப்பளவு வைக்கோல் குவியலில் முட்டி நிறுத்தினான். அங்கிருந்து கிளம்பிய கோழிகளை மாலையில் சிவகிரியில் பிடித்தார்கள்.

“இது பஸ் இல்லப்பா, பிரேக் போட்டு ஓரங்கட்ட,” என்றார் தலைமை பைலட். “நாளைக்குள்ள நிறுத்த வரலைன்னா நீ ஊரோடவே இருந்துக்க வேண்டியதுதான்.”

அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

“நல்லதாப் போச்சு மாப்ளே. அந்தச் சத்தம் கேட்டாலே உங்க அக்கா முருகன் படத்துக்கு முன்னால போய் நிக்கா. அடுப்புல சோறு குழைஞ்சு கஞ்சியாப் போகுது. நம்ம வயலைப் பாத்துக்கிட்டு இங்கனயே கெட.”

மறுநாள் காலையில் வரப்பு எல்லை காட்ட அத்தானே வண்டியில் ஏற வேண்டியதாயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கிளம்பியவரை வழியிலேயே மடக்கி ஏற்றிவிட்டார்கள். அவர் தலையில் இருந்த எண்ணெயில் தென்காசி முழுக்க அப்பளம் பொரித்திருக்கலாம்.

மருந்து தெளித்து முடித்து மலையோரமாகத் திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. எங்கு பார்த்தாலும் வெள்ளை. அது ஒரு நொடி விலகியபோது, மூக்குக்கு நேரே ஐந்தருவிப் பாறை! இடப்பக்கம் மலை, வலப்பக்கம் மேகம். வெள்ளம் என்று அன்று யாரையும் குளிக்க விடாததால் கீழே ஒரு ஈ காக்கை இல்லை.

சங்கரபாண்டி வேகத்தைக் குறைத்தான். குறையக் குறைய வலது கை பழைய பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கியது: தள்ளு, மூக்கைத் தாழ்த்து, ஓடு. தள்ளினால் பாறை. வேகம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. பாறையில் முளைத்திருந்த ஒரு செடியையே பார்த்துக்கொண்டு, கைப்பிடியைக் குருவிக்குஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டான். தள்ளவில்லை.

வண்டி நின்றது.

விசிறிக் காற்று அருவியைக் கலைத்து, கதவில்லாத அந்த வண்டிக்குள் அண்டா அண்டாவாகக் கொட்டியது. அத்தான் அலறினார்.

“ஏலே, ஏன்லே நின்னுட்டே? பெட்ரோல் தீந்துட்டா?”

நின்றபடியே வாலை மெல்லத் திருப்பி, வந்த வழியே வெளியே வந்தான் சங்கரபாண்டி.

இப்போது மைதானத்தில் தலைமை பைலட் அத்தானிடமே நேராகக் கேட்டார். “நீங்க சொல்லுங்க. நின்னது நிஜம்னா நாளைக்குத் திருவேங்கடம் ஊருக்கு இவனே ஓட்டட்டும், அங்க பருத்திக்கு மருந்தடிக்கணும். இல்லைன்னா வேற ஆளை அனுப்பறேன்.”

“இவனாவது, நிறுத்தவாவது,” என்றார் அத்தான், மச்சினன் முகத்தைப் பார்க்காமல்.

சங்கரபாண்டிக்குக் கோபம் வரவில்லை. தன்னை ஊரிலேயே வைத்துக்கொள்ளும் ஆசையில்தான் மனுஷர் பொய் சொல்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அருகில் போய் மெதுவாகச் சொன்னான்.

“அத்தான், எனக்கு நிக்கத் தெரியலேன்னா இந்நேரம் ரெண்டு பேரும் பாறையிலதான் ஒட்டிக்கிட்டு இருப்போம். இத்தனை நாளா அக்கா பயந்தது சரிதான். இனிமே பயப்பட வேண்டாம்னு நீங்கதான் அவட்ட சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா.”

அத்தான் ஈர வேட்டியைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த இடத்தையே மறுபடியும் பிழிந்தார். பிறகு தலைமை பைலட் பக்கம் திரும்பினார்.

“நின்னுச்சுய்யா. கண்ணை மூடிட்டு முருகனைக் கூப்பிட்டேன். தொறந்து பாக்கேன், பாறை அங்கனயே நிக்கு, நாங்களும் நிக்கோம். தண்ணி தலையில கொட்டுது. சாரலாவது ஒண்ணாவது, அருவியேதான். நான் குளிச்சேன்யா.”