கராஜில் இருந்த டிரம்

1

இந்தக் கதை நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றிலிருந்து வந்தது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் 1948இல் எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆரம்பித்த டிரம்-பியூகிள் (ஊதுகொம்பு) குழுவின் ஐம்பதாண்டு வரலாறு அது. கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குக் கொடுத்தவன் ஒரு தமிழன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி பொய்.

பொய் சொன்னவனுக்கு சேனாபதி என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் காபி போட எழுந்து போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வீட்டில் இடம் இல்லாததால் சேனாபதி அந்த டிரம்மை..." (அடித்துவிட்டேன். நாலு பெட்ரூம் வீடு.)

இரண்டாவது: "மனைவி நாகரத்தினம் பிடிவாதம் பிடித்ததால்..." (இதையும் அடித்துவிட்டேன். அவள் பிடிவாதம் பிடிக்கவே இல்லை. கதையில்கூடப் பழியை வீட்டுக்காரி தலையில் கட்டப் பார்க்கிறேன், பாருங்கள்.)

3

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு ஃபிராங்க் குழுவில் பெரிய டிரம் அடிப்பவர். எழுபத்து நாலு வயது, மனைவி இல்லை, மகள் மார்கரெட் வெளியூரில். 1997 கோடையில் ஒரு ஷூ பெட்டி நிறையப் போட்டோக்களோடு வந்து, வரலாற்றை எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். சேனாபதிக்குப் பெருமை பிடிபடவில்லை. சனிக்கிழமைதோறும் ஃபிராங்க் சொல்வார், இவன் டைப் பண்ணுவான். முதல் ஊர்வலத்தில் மழை வந்து பியூகிள்காரர்கள் மட்டும் ஓடிப்போனது, மாநிலப் பரிசு வாங்கிய வருஷம், அறுபது பேர் ஒன்பது பேராகக் குறைந்தது. நாகரத்தினம் எவர்சில்வர் டம்ளரில் காபி தருவாள். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடிப்பது ஃபிராங்குக்கு ஒரு விளையாட்டு.

நவம்பரில் ஒருநாள், இப்போது எங்கே வாசிக்கிறீர்கள் என்று சேனாபதி கேட்டான். பெரும்பாலும் சாவுக்குத்தான் என்றார் ஃபிராங்க். இதுவரை இருநூற்றுப் பதினோரு நண்பர்களை அடக்கம் பண்ணியிருக்கிறோம், எல்லாவற்றுக்கும் இந்த டிரம்தான், கன்றுத்தோல், ஒருமுறைகூட மாற்றவில்லை. பதக்கத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காபி பேப்பர் கப்பில் வந்தது. கொண்டுவந்தவன் சேனாபதி.

(இந்த வரியை நாலு வரைவுகளில் எழுதாமல் விட்டிருந்தேன்.)

4

ஜனவரியில் ஃபிராங்குக்கு இருதய ஆபரேஷன். வீட்டில் ஆளிருக்காது, ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் போகவேண்டும். டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். குளிரும் ஈரமும் தோலுக்கு ஆகாது, வீட்டுக்குள் வை, அது போதும் என்றார். சேனாபதி தலையாட்டினான். அவர் படியிறங்கிப் போனதும் அதைக் கராஜுக்குக் கொண்டுபோனான்.

"ஏனுங்க, ஹால்லயே வெச்சரலாமுங்க. பாவம், ஆபரேஷனுக்குப் போறாரு" என்றாள் நாகரத்தினம்.

"சாவுக்கு அடிச்சதை ஊட்டுக்குள்ள வெக்கறதா?"

"கோயில்ல அடிக்கறதும் தோலுதானுங்களே?"

ஊரில் சாவுக்குப் பறையடிக்கிறவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த வீடு அவனுடையது. அதையெல்லாம் மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக ஆபீஸில் சொல்லிக்கொள்வான். நான் சொல்லிக்கொள்வேன். கிரீன் கார்டு வாங்கிய பிறகும், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் டிரம்மைக்கூட அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். எழுதவே கூசுகிறது.

5

பிப்ரவரியில் பனி உருகிக் கராஜுக்குள் தண்ணீர் வந்தது. மறுபடி உறைந்தது. ஃபிராங்க் திரும்பி வந்தபோது தோல் குறுக்கே கிழிந்திருந்தது.

ஹாலில்தான் வைத்திருந்தேன், ஹீட்டர் சூட்டில் காய்ந்திருக்கும் என்றான் சேனாபதி. நாகரத்தினம் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஃபிராங்க் விரலால் கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனைத்தான் தேற்றினார். புத்தகத்தில் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி சொன்னார். சேனாபதி டைப் பண்ணினான்.

"எங்கள் டிரம், நல்ல நண்பர் ஒருவரின் கதகதப்பான வீட்டில், முதுமையால் ஓய்வு பெற்றது."

வெளியீட்டு விருந்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நின்றான்.

6

அவன் உண்மையைச் சொல்வதாகவும் ஃபிராங்க் மன்னிப்பதாகவும் ஒரு முடிவு எழுதினேன். அழகாக வந்தது, அதனாலேயே கிழித்தேன். 2001 மார்ச்சில் ஃபிராங்க் இறந்தார். அவர் அடக்கத்துக்குப் பியூகிள் மட்டும்தான் ஊதினார்கள். ஒரு மனுஷனைத் தன் வசதிக்கு எழுப்பிவந்து மன்னிக்க வைக்கக் கூடாது.

அடுத்த வாரம் மார்கரெட் வந்தாள். கையில் அந்த டிரம், கிழிசலோடு. (ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.)

"அப்பா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னார். வீட்டுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டவர் நீங்கதான்னு."

கதவைத் திறந்தபடி நிற்கிறான் சேனாபதி. பின்னால் நாகரத்தினம் நிற்கிறாள். டிரம் கனமானது, மார்கரெட்டின் கை வலிக்க ஆரம்பித்திருக்கும். இனி அவன் சொல்லவேண்டியதை நீங்கள் எழுதுங்கள். அன்று நான் சொன்னது 'தேங்க்ஸ்'.