பொத்தான் பேரம்

"கண்ணைப் பாரு சில்லு. மூக்கை இல்ல, கண்ணை."

கடை திறந்து இன்னும் ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உயர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பொத்தான்கடைக்காரர், எதிரே நாற்காலியில் உட்கார வைத்திருந்த மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தார். சில்லுவின் பார்வை அவர் மூக்கிலிருந்து புறப்பட்டு, புருவத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு வழியாகக் கண்ணுக்குள் வந்து விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடியும் விட்டது. உடனே அவளுடைய கை நீண்டு, உள்ளங்கை விரிந்தது.

"இது செல்லாது. தொட்டுட்டு ஓடினா அது பார்வையா? கொஞ்ச நேரம் நிக்கணும்."

கை மடங்கவில்லை.

"சரி, பாதிப் பார்வைக்குச் சின்ன பட்டன். கோவிச்சுக்காத."

சட்டைக் காலருக்குப் போடும் வெள்ளைப் பொத்தான் ஒன்றை அவள் கையில் வைத்தார். சில்லு அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விளிம்பை உதட்டில் வைத்து அதன் குளிர்ச்சியைச் சோதித்து, மடியிலிருந்த தகர டப்பாவுக்குள் போட்டாள். காசு பெறாத பிளாஸ்டிக்குக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் கால்வாசி தனக்குக் கிடைத்திருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டி விருந்து வைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அப்பா காலத்துக் கடை. பொத்தான், ஜிப், லேஸ், எலாஸ்டிக், ஊக்கு என்று தையல்காரர்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் உண்டு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்று, பார்த்ததும் தெரிவதற்காகத் தைக்கப்பட்டிருக்கும். பிறந்தது முதல் பேரத்தின் நடுவிலேயே வளர்ந்தவர் கடைக்காரர். விலை பிடிக்காமல் படி இறங்குகிற வாடிக்கையாளரை எந்தப் படியில் வைத்துத் திருப்பிக் கூப்பிடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது என்பது அவர் கட்சி. முதல் படியில் கூப்பிட்டால் நம் மதிப்புப் போச்சு. தெருவில் கால் வைத்துவிட்டால் ஆள் எதிர்க்கடைக்குச் சொந்தம். நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் படியாத விஷயம் கிடையாது என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போயிருந்தது என்றால், சில வருஷத்துக்கு முன் டாக்டர் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லி, பேச்சு தாமதமாக வரும், முகம் பார்ப்பது கஷ்டமாக இருக்கும், சத்தம் தாங்கமாட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனபோது, "கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்க டாக்டர்" என்று அவர் வாய் தன்னையறியாமல் கேட்டுவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. முழங்கையால் இடித்தாள்.

அந்த நாட்களில் சில்லுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் வாடிக்கையாளரோடு வாய் ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து, அவர் முதுகில் காதை ஒட்ட வைத்துக்கொள்வாள். அவர் பேசப் பேச முதுகு அதிரும் போலிருக்கிறது. பேரம் நீண்டால் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப் போவாள். வியாபாரம் படிந்து, அவர் வாயை மூடியதும், வந்த மாதிரியே போய்விடுவாள்.

"என்னண்ணே, முதுகுல பல்லி மாதிரி புள்ள ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள் ஒரு தையற்காரி.

"பில்லு போடறதுக்குக் காத்திருக்கா," என்று இவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பல்லி அவர் மனசுக்குள் போய்த் தங்கிவிட்டது.

சில்லுவுக்காக ஏற்பாடு செய்த பயிற்சி டீச்சர், அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே கேட்டாள். "அவளா உங்ககிட்ட எப்படி வருவா?"

"வருவா. முதுகுல வந்து ஒட்டிப்பா. அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன் டீச்சர், அந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்தறது?"

எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் பேனா நின்றது. அவள் மெதுவாக, நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள்: அதை நிறுத்த வேண்டாம், அவள் வருகிற வழி அது, கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவளோடு தரையில் உட்கார்ந்து அவள் செய்வதைச் செய்யுங்கள், போதும். கடைக்காரர் தலையாட்டினார். எதுவும் செய்யாமல் இரு என்று சொல்வதற்கு ஒரு ஆள் படித்துவிட்டு வந்து நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். மனைவி மட்டும் அன்றே தரையில் போய் உட்கார்ந்தாள். சில்லு பொத்தான்களை நிறவாரியாக வரிசை வைத்தால் அவளும் பக்கத்தில் ஒரு வரிசை வைப்பாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். சில நாளில் சில்லுவின் பாதம் தானாக வந்து அவள் தொடைமேல் ஏறிக்கொண்டது.

கடைக்காரருக்கு அதைப் பார்க்க வயிற்றெரிச்சல். அவருக்கும் ஒன்று வேண்டியிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, வாடிக்கையாளர் பொருளைப் பார்ப்பதுபோல் இல்லாமல், மகள் தன்னைப் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து காத்திருந்து அதை வாங்க அவருக்குப் பொறுமை இல்லை. கடை முழுக்கச் சரக்கு இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சில்லுவை முதுகிலிருந்து பிரித்து, முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணைப் பார்த்தால் ஒரு பொத்தான். வணக்கம் சொன்னால் பித்தளை. கை தட்டாமல், ஆடாமல் உட்கார்ந்தால் முத்துப்பூச்சு. ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "என்ன, புள்ள நல்லா தேறிட்டாளே!" என்றார்கள்.

"கொழந்தகிட்ட கூடவா பேரம் பேசுவீங்க?" என்றாள் மனைவி.

"யாருக்கு இதுல நஷ்டம்? அவளுக்குப் பட்டன், நமக்குப் பார்வை."

"நமக்குன்னு என்னைச் சேக்காதீங்க. என்னை அவ பாக்க வேணாம். அவ கால் என் மேல கெடந்தாப் போதும்."

"நீ தரையிலயே கெட. நாளைக்கு ஸ்கூல்ல அவ தலையில ஏறி உக்காருவாங்க, அப்ப தெரியும்."

பள்ளிக்கூடம் ஒரு நிஜமான பயம்தான். முதல் பள்ளிக்கூடம் சில்லுவை, சேதமான சரக்கைத் திருப்பி அனுப்புவதுபோல், நயமாக மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. இப்போது இரண்டாவது. இன்று மத்தியானம் தலைமையாசிரியை நேரில் பார்க்கிறார். அதற்குத்தான் காலையிலிருந்து இந்த ஒத்திகை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் என்ன என்பதும் பேசி முடித்தாகிவிட்டது: மேல் இழுப்பறையின் முகத்தில் மிஞ்சியிருந்த பெரிய நீலக் கண்ணாடிக் கோட்டுப் பொத்தான். சில்லு அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறாள்.

தலைமையாசிரியையின் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. சில்லுவின் தோள்கள் காதுவரைக்கும் உயர்ந்தன. கடைக்காரர், நீலமும் சேர்ந்து கிடந்த சட்டைப் பைக்குள் பொத்தான்களைக் கிலுக்கினார். தோள்கள் இறங்கின.

"உன் பேரென்னம்மா?"

சில்லு அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்து, முழுப் பெயரையும் சொன்னாள். மேஜைக்கடியில் அப்பா பக்கம் உள்ளங்கை நீண்டது. பொத்தான் விழுந்தது.

"என்ன பண்ணப் பிடிக்கும்?"

"படம் வரையப் பிடிக்கும்." அவள் வரைந்ததே இல்லை. உள்ளங்கை. பொத்தான்.

"கிளாஸ்ல சமத்தா உக்காருவியா?"

"உக்காருவேன் மிஸ்." உள்ளங்கை. பொத்தான்.

அந்தப் பக்க நாற்காலியில் மனைவி, கடன்காரன் வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்கோ உள்ளே குதூகலம். படிந்துவிட்டது. இன்னும் ஒரு படிதான் பாக்கி.

தலைமையாசிரியைக்குச் சில்லுவைப் பிடித்துப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்பதுபோலக் குழைவாகக் கேட்டார். "அப்பான்னா ரொம்பப் பிடிக்குமா உனக்கு?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. சில்லு தலையைத் திருப்பினாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். ஓடவில்லை, மூக்குக்கு நழுவவில்லை. நின்று, நிதானமாக, நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த பார்வை.

"இதுக்கு எது?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"இதுக்கு வெலை பேசல."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரரின் வாய் சிரித்தது. முப்பது வருஷமாகச் சிரித்துப் பழகிய வாய், உள்ளே என்ன நடந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். கையும் அப்படித்தான். அது தானாகப் பைக்குள் போய், நீலப் பொத்தானை எடுத்து, விரிந்திருந்த உள்ளங்கையில் வைத்தது.

சில்லு விரல்களை மூடினாள். தலைமையாசிரியையின் பக்கம் திரும்பி, "பிடிக்கும்," என்றாள்.

"அடேயப்பா! வியாபாரி வீட்டுப் பொண்ணுன்னு சொல்லவே வேணாம்," என்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க சொன்ன அளவுக்குப் பிரச்சினை ஒண்ணும் தெரியலீங்களே. நல்லா கண்ணைப் பாத்துப் பேசறா. சேத்துக்கலாம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது சில்லு முன்னால் போனாள். நீலப் பொத்தானைக் கண்ணில் வைத்து, தெருவையெல்லாம் நீலமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"எடம் கெடச்சிடுச்சில்ல? அதைப் பாரு," என்றார் கடைக்காரர். மனைவி எதுவும் கேட்டிருக்கவில்லை.

"கெடச்சிடுச்சு."

"கொழந்த ஏதோ வெளையாட்டா கேட்டா."

"அவ என்னிக்குங்க வெளையாட்டா பேசியிருக்கா? வெளையாட்டா பேச அவளுக்கு வராதுன்னுதானே இவ்வளவும்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவளே மறுபடி சொன்னாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க சொல்லிக்குடுத்ததை அவ தப்பாப் புரிஞ்சுக்கல. கரெக்டா புரிஞ்சுக்கிட்டா."

அவர் பையில் மிஞ்சியிருந்த பொத்தான்களை விரலால் எண்ணிக்கொண்டு நடந்தார். வாடிக்கையாளர் யாரிடமாவது என்றால் இந்நேரம் ஏழெட்டுப் பதில் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் அவர் கடைக்குப் போகவில்லை. சில்லு கூடத்துத் தரையில் டப்பாவைக் கவிழ்த்து வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கூடத்துப் பக்கம் வராமல், சமையலறையில் வேண்டுமென்றே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடைக்காரர், இடுப்பு பிடித்துக்கொள்ள, மூட்டு முனக, தரையில் இறங்கி மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். தரை இவ்வளவு கீழே இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"சில்லு, இனிமே பட்டன் எல்லாம் கெடையாது. அந்த விளையாட்டு முடிஞ்சுது. சரியா?"

சில்லு ஒரு பச்சைப் பொத்தானை நகர்த்தினாள்.

"சும்மா பாரு. அப்பாவைச் சும்மா ஒரு தடவை பாரு."

"சும்மான்னா சின்னதா, பெருசா?"

"சும்மான்னா... எதுவும் இல்லாம."

அவள் யோசித்தாள். அப்படி ஒரு சரக்கு அப்பாவின் கடையில் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. வரிசைக்குத் திரும்பினாள். அவர் எழுந்து போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுடைய காது மடலை, அவருடைய அம்மாவுக்கு இருந்ததுபோலவே வளைந்த புருவத்தை, பொத்தானைத் தொடும்போது மட்டும் பிரியும் உதட்டை, இதுவரை பார்க்காதவர்போல, பதிலுக்கு ஒரு பார்வையை எதிர்பார்த்து, விடாமல் பார்த்தார். சில்லுவின் தோள்கள் மெல்ல உயர ஆரம்பித்தன. கை தடுமாறி வரிசை கலைந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கலைந்தது.

மடியிலிருந்த நீலப் பொத்தானை எடுத்தாள். விளிம்பை உதட்டில் வைத்து, ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையை நீட்டி, முழங்கால்மேல் கிடந்த அவர் கையைப் புரட்டி, உள்ளங்கையில் அதை வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் பாக்காதப்பா."

விற்றதைத் திருப்பித் தருகிறாளா, புதிதாக எதையோ வாங்குகிறாளா? எதுவாக இருந்தாலும் அவள் கொடுத்தது நியாயமான விலைக்கும் மேல். டப்பாவில் அதைவிடப் பெரியது கிடையாது. குறைத்துக் கேட்கவும் இல்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

கடைக்காரர் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து திரும்பினார். இப்போது அவருக்கு எதிரே சுவர். பின்னால் மகள். பொத்தான் உள்ளங்கையில் இன்னும் அவள் உதட்டு ஈரத்தோடு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்.

"வாங்கம்மா வாங்க," என்றார் சுவரைப் பார்த்து. "இந்தப் பட்டனா? இது வேற எங்கயும் கெடைக்காதும்மா. கைல வாங்கிப் பாருங்க, கனத்தைப் பாருங்க. அந்த வெலைக்கா? என்னம்மா நீங்க, வாங்கின வெலை கூட வராதே. சட்டையே அந்த வெலைக்குக் கெடைக்குமா? அப்ப சட்டையை வாங்கிப் பட்டனை அறுத்துக்குங்க. போறீங்களா? கோவிச்சுக்கிட்டுப் போகாதீங்கம்மா, திரும்பி வாங்க, கட்டுப்படியாகற மாதிரி பேசிக்கலாம், வாங்க..."

நிறுத்தவில்லை. முதுகு அதிரும்படி அடிவயிற்றிலிருந்து பேசினார். பின்னால் பொத்தான்கள் தரையில் உரசும் சத்தம் ஒரு கணம் நின்றது. அவர், சட்டை மட்டும் ஒட்டியிருந்த தன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. ஒரு பொத்தான், அதன் பக்கத்தில் இன்னொன்று.

"கடைசியா ஒரு வெலை நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் சுவரிடம்.