ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒருவர்

மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாக ஃபைல் அடுக்கியவள் அவள். ஊழியர்கள் எல்லோருக்கும் ரெக்கார்டு அக்கா. ஐம்பத்தோராவது வயதில் அந்த அக்காவுக்குக் கணினிப் பயிற்சி என்ற பெயரில் மறுபடியும் ஒரு பரீட்சை வந்து வாய்த்தது. நடத்தியவர் கணினித் துறைத் தலைவர். ஸ்லைடு போடாமல் காலை வணக்கம்கூடச் சொல்லமாட்டார் என்பதால் ஸ்லைடு சார்.

“சரியான கேள்வியைக் கேட்டா டேட்டா பொய்யே சொல்லாது. இன்னையிலேர்ந்து நீங்க யாரும் கிளார்க் இல்ல. தரவுப் போராளிகள்!”

போராளிகள் எட்டுப் பேரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்கள்.

பயிற்சிக்குக் கொடுத்தது அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல், நகலெடுத்தது. ரகசியம் காக்கப் பெயர்களை மறைத்துவிட்டு நோயாளி அட்டை எண்களை அப்படியே விட்டிருந்தார்கள். பெயரை மறந்தாலும் அட்டை எண்ணை மறக்காதவர்கள் நிறைந்த அறையில் அது எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு! அக்கா தேடியது வீட்டுக்காரரின் எண்ணை. அவர் லாரி மெக்கானிக். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், இரண்டு வருடமாக மாடி ஏற முடியாமல், கீழ் அறையில் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குகிறவர்.

முதல் பயிற்சி: அவசரத் தரம் ஒன்று, இரண்டு உள்ளவர்களை மட்டும் வடிகட்டி, தேதிப்படி அடுக்க வேண்டும். நானூற்றுப் பதினொரு வரிகள் வந்தன. அவர் எண் இல்லை. டாக்டர் மூன்று என்று போட்டுத் தொலைத்தாரோ என்று, இரண்டுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டாள். எழுநூற்று இருபத்தெட்டு. அதிலும் இல்லை. இரண்டையும் கூட்டினால் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது. மொத்தப் பட்டியலிலோ ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.

“சார், ஒருத்தர் குறையறாரு.”

ஸ்லைடு சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “அந்தக் கட்டம் காலியா இருக்கும்க்கா! காலின்னா அது ரெண்டைவிடச் சின்னதும் கிடையாது, பெருசும் கிடையாது. எந்தப் பக்கம் வடிகட்டினாலும் வெளியவே நின்னுடும். அருமையான விஷயம்!”

“ஆபரேஷன் தியேட்டர்ல பாக்கற லிஸ்டும் இப்படித்தான் வருமா?”

“அச்சு அசல் இதே குவெரி, டேட்டாவைக் கேக்கற இதே கேள்வி. நானே எழுதினது.”

தரம் காலியாக இருப்பவர்களை மட்டும் காட்டச் சொன்னாள். ஒரே ஒரு வரி வந்தது, வீட்டுக்காரரின் எண்ணோடு.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது வேறு யாருமில்லை, அக்காவேதான். காகிதப் படிவங்களைக் கணினியில் ஏற்றிய நாட்களில், தரம் எழுதாத டாக்டர்களை வராந்தாவில் துரத்தித் துரத்திக் கேட்டு, அத்தனை பேருக்கும் நிரப்பியவள் அவள். வீட்டுக்காரர் படிவத்தில் டாக்டர் தெளிவாகவே இரண்டு என்று எழுதியிருந்தார். ஆனால் அதைத் தன் கையால் ஏற்றினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, “நீங்களே ஒரு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுடுங்க சார்” என்று டாக்டரிடமே சொன்னாள். “சரி சரி” என்று போன டாக்டர் அடுத்த மாதமே வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். அதன்பின் விசாரிக்கவும் அக்காவின் கௌரவம் இடம் தரவில்லை. நேர்மைக்கென்று ஒரு பரிசு இருந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்; வாங்க வீட்டுக்காரரால் படியேறி வர முடியாது, அவ்வளவுதான்.

ஃபைலை எடுத்துவந்து காட்டினாள். ஸ்லைடு சார் அசல் பட்டியலைத் திறந்து இரண்டு என்று ஏற்றினார்.

“ஆச்சு. ஆனா தரம் ஏத்தின தேதியிலேர்ந்துதான் வரிசை. அப்ப இன்னையிலேர்ந்து.”

“ரெண்டு வருஷம் ஆச்சு சார். படிவத்துல தேதி இருக்கே?”

“தேதியைக் கையால மாத்தினா சிபாரிசுன்னு பேசுவாங்கக்கா. அதுவும் உங்க வீட்டுக்காரர் வேற!”

அக்கா ஃபைலை மூடினாள். அது அவளே இரண்டு வருடத்துக்கு முன் தனக்குச் சொல்லிக்கொண்ட வாக்கியம்.

கடைசிப் பயிற்சி, முடிவைப் பார்வைக்கு அழகாக அச்சிடுவது. தலைப்பு, கோடு, நாள் மாதம் வருடம், காத்திருந்த வாரங்கள். புதிய நகலில் செய்தாள். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் அவர் எண் வந்தது. எதிரே, காத்திருந்த வாரம்: 0.

“பாருங்க!” என்று தாளைத் தூக்கிக் காட்டினார் ஸ்லைடு சார். “பூஜ்யத்தைக்கூட எவ்வளவு நேரா நிறுத்தியிருக்காங்க! இதுதான் போராளி!” மற்ற ஏழு பேரும் கைதட்டினார்கள்.

வாரத்துக்கு நான்கு அறுவை சிகிச்சைகள். வீடு வந்து சேரும்வரை அக்கா வகுத்துக்கொண்டே வந்தாள். எப்படி வகுத்தாலும் இன்னும் இரண்டு வருடம்.

“என்னம்மா, பாஸா?” என்றார் நாற்காலியிலிருந்தவர்.

“பாஸ்தாங்க. என்னுதுதான் முதலாவது.”

“அப்ப நம்ம நம்பரையும் பாத்திருப்பியே. எத்தனாவது?”

“நானூத்திப் பன்னெண்டு.”

அவர் கணக்குப் போட்டார். “மொத்தம் ஆயிரத்துக்கு மேலன்னு சொன்னல்ல? அதுல நானூறுக்கு வந்தாச்சா! பரவாயில்லையே. நகருதுன்னு சொல்லு.”

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

“நகருதுங்க” என்றாள்.

“நான்தான் உன்னைத் திட்டிட்டிருந்தேன், அங்கயே வேலை பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்கறாளேன்னு. நீ செஞ்சதுதான் சரி. நம்ம முறை வரும்போது வரட்டும்” என்று சொல்லி, எழுந்திருக்க அவளிடம் கையை நீட்டினார்.